வேற்றூரில் வாடகை வீடு



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் குடியேறும் தமிழர்க்கு முதலில் வேண்டியவை மூன்று: வேலை, நல்ல அரிசி, வீடு. வேலை பெரும்பாலும் முன்னரே அமைந்துவிடுகிறது. அதை நம்பித்தானே ரயில் ஏறுகிறோம்! அரிசிக்கும் பஞ்சமில்லை. டில்லியில் கரோல் பாக், மும்பையில் மாதுங்கா, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட், பெங்களூரில் அல்சூர் என்று தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பேட்டைகளில் புழுங்கல் அரிசியும் காப்பிப் பொடியும் தலைமுறை தலைமுறையாக விற்பனையாகி வருகின்றன. எஞ்சி நிற்பது வீடு. வீடு என்றால் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர்களுள் நல்லவர்களே மிகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்கு இனிப்பு அனுப்புபவரும், நம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாமே மருத்துவரை அழைத்து வருபவரும் எல்லா ஊர்களிலும் உளர். ஆயினும், ரசீது தர மறுப்பவர், ஒப்பந்த காலத்தின் நடுவிலேயே வாடகையை உயர்த்துபவர், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைபவர், தண்ணீரை நிறுத்துபவர், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தைத் திருப்பித் தராதவர் ஆகியோரும் இருக்கத்தான் செய்கிறார்கள். இப்பேர்ப்பட்டவரிடம் அகப்பட்டுக்கொண்டால் என் செய்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சொந்த ஊரில் இத்தகைய தொல்லை நேர்ந்தால் மாமனையோ மைத்துனனையோ அழைத்து வந்து பேசச் சொல்வோம். வேற்றூரில் அந்த வசதி கிடையாது. மொழி அரைகுறை, அக்கம்பக்கம் புதிது. ஆகவே நம்மவர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். "பிழைக்க வந்தவர்கள்தானே நாம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பணிந்து போகின்றனர். அல்லது, நாளெல்லாம் பொறுத்திருந்து ஒருநாள் வாசலில் நின்று உரக்கச் சண்டை பிடிக்கின்றனர். இரண்டாலும் பயன் இல்லை. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் விருந்தாளி அல்லர், உரிமை உடையவர். ஆனால் அவ்வுரிமை நாவிலே இல்லை, தாளிலே இருக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

முதலில் வீட்டுக்காரரின் மனத்தைச் சற்று எட்டிப் பார்ப்போம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை அவரும் கேட்டிருக்கிறார். அவர் அச்சத்துக்குக் காரணமும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் மிகுந்தபோது வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பின்னர் டில்லியில் 1958-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவருக்கு வலுவான பாதுகாப்பு அளித்தது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பிறகும் பழைய வாடகையிலேயே இரண்டு மூன்று தலைமுறைகள் குடியிருந்ததும், வீட்டை மீட்க உரிமையாளர் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியதும் ஊரறிந்த செய்தி. மும்பையின் பழைய கட்டடங்களிலும் இதே கதைதான். இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த வீட்டுக்காரர், புதிதாக வருபவரை ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அவருடைய கடுமையில் ஒரு பங்கு, வீடு கைவிட்டுப் போகுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால் பலர் இளகிவிடுகிறார்கள்.

அந்தப் பயத்தின் குழந்தைதான் 11 மாத ஒப்பந்தம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும். அச்செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே ஒரு மாதத்தைக் குறைத்து 11 மாதம் என்று எழுதுகிறார்கள். பதினோராம் மாதம் முடிந்த மறுநாள் சாமான்களைத் தெருவில் எறியலாம் என்பதன்று அதன் பொருள். காலம் முடிந்தும் ஒருவர் வெளியேறாவிட்டால், வீட்டுக்காரர் நீதிமன்றத்தின் மூலமே அவரை வெளியேற்ற வேண்டும். தாமே பூட்டுப் போடுவதோ கதவைப் பெயர்ப்பதோ கூடாது. சட்டவழியிலன்றி ஒருவரது விருப்பத்துக்கு மாறாக அவரை வெளியேற்றினால், அவர் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து இருப்பிடத்தைத் திரும்பப் பெற 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இடம் தருகிறது. உரிமையாளரே எதிர்த்தரப்பில் இருந்தாலும் இவ்விதி பொருந்தும். இதனைப் பிடிவாதத்துக்குத் துணையாகக் கொள்ளலாகாது. காலம் கடந்து தங்குபவர் நஷ்ட ஈடு கொடுக்க நேரிடும். மகாராஷ்டிரச் சட்டத்தின்படி, உரிமத்தின் பேரில் குடியிருப்பவர் காலம் முடிந்தும் வெளியேறாவிட்டால் அந்தக் கட்டணத்தைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும்.

உரிமம் என்றேன். அதைச் சிறிது விளக்க வேண்டும். நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகையால் புதிதாக வரும் நம்மவர் வாடகைப் பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லும்படி கேட்பதுண்டு. அவர்களுள் பலர் முன்னமே கையெழுத்திட்டிருப்பார்கள்! படித்துவிட்டுக் கையெழுத்திடுவதுதானே முறை? பத்திரம் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ இருக்கலாம். புரியாத ஆங்கிலத்திலும் இருக்கலாம். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தர மறுக்கும் வீட்டுக்காரர் நாளைக்கு வேறெதைத்தான் தரப்போகிறார்?

பத்திரத்தில் சில சொற்களை நிதானித்துப் பார்க்க வேண்டும். முதற்சொல் 'லீஸ்', அதாவது குத்தகை. இதில் வீட்டை அனுபவிக்கும் உரிமையே குறித்த காலத்துக்கு நமக்கு மாற்றித் தரப்படுகிறது. இரண்டாவது, மும்பையில் பெருவழக்கான 'லீவ் அண்ட் லைசென்ஸ்'. இங்கே 'லீவ்' என்பது விடுமுறை அன்று, அனுமதி. இதில் நமக்குக் கிடைப்பது தங்கிக்கொள்ள அனுமதி மட்டுமே. வீட்டின் மீது உரிமை எதுவும் மாறுவதில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டால் பொருள் மாறிவிடாது. டில்லியில் ஓர் ஓட்டலில் இடம் பெற்றிருந்த கபூர் என்பாரின் வழக்கில், பத்திரத்தின் பெயரையன்று, அதன் உட்பொருளையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-இல் தெளிவுபடுத்தியது. மூன்றாவது சொல் 'லாக்-இன்'. அக்காலம் முடியுமுன் வெளியேறினால் எஞ்சிய மாதங்களின் வாடகையைக் கேட்கக்கூடும். மாற்றல் உத்தரவு எப்போது வருமென்று அறியாத உத்தியோகஸ்தர்கள் இதில் மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். "உத்தியோக மாற்றம் ஏற்பட்டால் ஒரு மாத அறிவிப்புப் போதும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. நான்காவது, 'ஸப்லெட்', அதாவது உள்வாடகை. ஊரிலிருந்து வரும் தம்பியோ நண்பரோ செலவைப் பகிர்ந்துகொண்டு தங்குவது பின்னால் உள்வாடகை என்று பழியாகலாம். உடன் தங்குவோர் பெயரைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மும்பை நேயர்களுக்கு இன்னொரு செய்தி. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-இன் 55-ஆம் பிரிவுப்படி, வாடகை ஒப்பந்தமாயினும் உரிம ஒப்பந்தமாயினும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் பதிவு செய்யாமல் விட்டால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே, மாறாக நிரூபிக்கப்படும் வரையில், ஏற்கப்படும்.

டில்லியில் உள்ள நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. அரசாங்கக் குடியிருப்பை ஒதுக்கீடு பெற்ற ஊழியர் சிலர், விதிகளுக்கு மாறாக அதை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றனர். வாடகை குறைவு, இடம் நல்ல இடம் என்று நம்மவர் மயங்குவதுண்டு. அங்கே குடிபுகுபவருக்கு நிற்கக் காலடி மண்ணும் இல்லை. ஒதுக்கீடே ரத்தாகலாம், ரத்தானால் எவரிடம் முறையிடுவது?

குடிபுகும் நாளன்று செய்ய வேண்டியவை எளியவை. மின்சார மீட்டரின் அளவு, சுவரின் நிலை, குழாய், கதவு, விசிறி ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும் என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். பெங்களூரில் 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு 2 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான். அந்தந்த மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினாலொழிய எவரையும் கட்டுப்படுத்தாது. உத்தரப் பிரதேசம் 2021-இல் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. ஆகவே டில்லியில் வேலை பார்த்துக்கொண்டு நொய்டாவிலோ காஜியாபாத்திலோ வசிப்பவர்கள், தாங்கள் டில்லிச் சட்டத்தின்கீழ் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். யமுனைக்கு அப்பால் சில கல் தூரத்தில் சட்டமே மாறிவிடுகிறது. அங்கே வாடகைத் தகராறுகளுக்கென்றே வாடகை அதிகாரி உண்டு.

வாடகையை வங்கி மூலமே செலுத்துங்கள். எந்த மாதத்து வாடகை என்ற குறிப்பும் அதில் இருக்கட்டும். ரொக்கமாகத்தான் வேண்டும் என்பவரிடம் ரசீது கேளுங்கள். 'எழுதிய விதி அழுதால் தீருமா' என்பர். எழுதாத கணக்கும் அழுதால் தீராது.

இனி, தொல்லை வந்தே விட்டதென்று வைத்துக்கொள்வோம். நான் அறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தைச் சொல்கிறேன். நண்பர் கிழக்கு டில்லியில் மாடிப் பகுதியில் குடியிருந்தார். மாத வாடகை 18,000 ரூபாய். உடன் வயதான தாயார், மனைவி, பள்ளி செல்லும் இரு குழந்தைகள். ஐந்தாம் மாதம் வீட்டுக்காரர் 3,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படியில்லையே என்றார் நண்பர். மறுநாள் முதல் மாலை வேளைகளில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அதன் சாவி கீழ்த்தளத்தில், வீட்டுக்காரரிடம். அது ஜூன் மாதம். டில்லியின் ஜூன் மாத வெயிலை அறிந்தவர்க்கு அதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை. மருமகளும் குழந்தைகளும் அடுத்த வீட்டிலிருந்து வாளியில் சுமந்து வந்ததைக் கண்ட தாயார், "ஊருக்கே போய்விடுவோம்" என்று கண்ணீர் விட்டார்.

நண்பருக்கு யோசனை சொல்ல ஆட்கள் குறைவில்லை. வாடகையை நிறுத்து என்றார் ஒருவர். நான்கு பேரைத் திரட்டிக் கேள் என்றார் இன்னொருவர். வாடகையை நிறுத்துவது எல்லாவற்றிலும் கொடிய தவறு. அதுவரை வழக்கு நம் பக்கம். நிறுத்திய நாள் முதல் வழக்கு அவர் பக்கம். ஆகவே நண்பர் உரிய தேதியில் வாடகையைச் செலுத்தினார். பிறகு இந்தியில் ஒரு கடிதம் எழுதினோம். அதில் கோபச்சொல் ஒன்றும் இல்லை. ஜூன் வரை வாடகை செலுத்தியாயிற்று. ஒப்பந்தத்தில் இடையில் உயர்வு இல்லை. இன்ன தேதி முதல் மாலையில் தண்ணீர் வரவில்லை. மூன்று நாளில் சரிசெய்து தருமாறு வேண்டுகிறேன். இல்லையேல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். இவ்வளவுதான். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினோம்.

அதோடு நிற்கவில்லை. அதே தெருவில் ஓய்வுபெற்ற பஞ்சாபி ஆசிரியர் ஒருவர் இருந்தார். இரு தரப்பும் மதிக்கும் மனிதர். அவரை அழைத்துக்கொண்டு நண்பர் கீழே சென்று, "பாயீ சாஹப், ஒப்பந்தம் முடியும்போது நியாயமான உயர்வுக்கு நான் சம்மதம், இடையில் என்னால் இயலாது" என்று அமைதியாகச் சொன்னார். அன்று மாலையே மோட்டார் ஓடியது. இதை முழு வெற்றி என்று கூறமாட்டேன். 11 மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை; குடும்பம் வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் முன்பணம் ஒரு ரூபாய் குறையாமல் கைக்கு வந்தது. வங்கிக் கணக்கும், முதல்நாள் எடுத்த புகைப்படங்களும், அந்தக் கடிதமும் முன்னே இருக்கும்போது மறுக்க வழியில்லை அல்லவா?

பேச்சு பயனளிக்காவிட்டால் சட்டம் எந்த அளவுக்குத் துணை? டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளைத் தக்க காரணமின்றி நிறுத்துவதைத் தடுக்கிறது. ஆனால் 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களுக்கு அச்சட்டம் பொருந்துவதில்லை. கர்நாடகத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பெங்களூருக்கு அதே தொகைதான் எல்லை. இன்று இந்நகரங்களில் வந்து சேருபவர் எவருக்கு அந்த வாடகையில் வீடு கிடைக்கிறது? அப்படியானால் அவர்கள் அநாதைகளா? அல்லர். அவர்களுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் உண்டு. வாடகை செலுத்தி நிபந்தனைகளை நிறைவேற்றும் குத்தகைதாரர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்பது அதன் 108-ஆம் பிரிவு. அதனை ஆதாரமாகக் கொண்டு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோரலாம். வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்தும் தக்க காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் அப்பிரிவு இடமளிக்கிறது. எது எவர் கடமை என்பது பத்திரத்தைப் பொறுத்தது. ஆகையால் முன்னறிவிப்பும் செலவுச் சீட்டும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

போலீசாரிடம் போனால் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பியனுப்பக்கூடும். வாடகை, முன்பணம் பற்றிய தகராறு அப்படிப்பட்டதே. ஆனால் பூட்டை உடைப்பதும், சாமான்களை வெளியே எறிவதும், பெண்களை மிரட்டுவதும் குற்றச் செயல்கள். அப்போது 112 என்ற எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்க்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின்படி இலவச உதவி உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் முதலியோர் வருமானம் எவ்வளவாயினும் அதைப் பெறலாம். ஏனையோர்க்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். நாம் எந்த ஊர்க்காரர் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

நம் கடமைகளையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. தேதி தவறாமல் வாடகை கொடுப்பது, வீட்டைத் தன் வீடுபோல் பேணுவது, சுவரில் ஆணி அடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்பது, காவல் நிலையத்துக்கு வீட்டுக்காரர் தர வேண்டிய குடியிருப்போர் விவரத்தைத் தயங்காமல் எழுதிக் கொடுப்பது ஆகியவை நம் பொறுப்பு. குடியிருப்போர் விவரத்தால் நமக்கும் நன்மையே. இன்ன தேதி முதல் இவ்வீட்டில் குடியிருக்கிறோம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. காலி செய்யும்போது சாவியைக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். முன்பணத்தில் கடைசி மாத வாடகையைக் கழித்துக்கொள்வதாக இருந்தால், அவர் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள்.

இறுதியாக ஒன்று. அந்த ஊர் மொழியில் நான்கு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளுங்கள். சண்டை வந்தபின் கற்ற மொழி சண்டைக்கு மட்டுமே உதவும். சண்டை வருமுன் கற்ற மொழி, "மாதாஜி, நலமா?" என்று மாடிப்படியில் கேட்க உதவும். அவ்வாறு கேட்டுப் பழகிய இடத்தில் தண்ணீர்ச் சாவி அத்தனை எளிதில் மூடப்படுவதில்லை. முகத்தில் இன்சொல்லும் பெட்டியில் ரசீதும் இருக்குமானால், எந்த மாநிலத்திலும் தமிழர் தலைநிமிர்ந்து குடியிருக்கலாம்.